வேரில்லாத செடியில் வந்த மொட்டு

வாடிக் கிடந்த ஆர்க்கிட் செடியில் மொட்டு வந்திருக்கிறது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும். வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகும் இது போகவில்லை. நர்சரியில் இப்போது வேலை செய்கிற பெண்கள் ஃபோனில் படம் அனுப்புகிறார்கள். "ஆன்லைன்ல வந்த செடி அக்கா, வேரே இல்ல, ஆனா பூக்கப் போகுது, பொழச்சிடுச்சு" என்று கீழே ஒரு வரி இருக்கும். நான் உடனே கூப்பிட்டு, "மொட்டைக் கிள்ளிட்டியா?" என்று கேட்பேன். இந்த அக்காவுக்கு எதைக் கண்டாலும் பயம் என்று அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியும்.

பயம்தான், ஒளித்து என்ன ஆகப்போகிறது. பல்லி மேலே விழுந்தால் பயம், அகால நேரத்தில் ஃபோன் அடித்தால் பயம். ஆனால் மொட்டைப் பார்த்துப் பயப்படுவதற்கு மட்டும் ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு பெண் கோபித்துக்கொண்டு, "காரணத்தைச் சொல்லுங்க, அப்பதான் கிள்ளுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். அறுந்த பாவு நூலை முடிச்சு தெரியாமல் இணைக்கத் தெரியும். கல்யாணமாகி, வீட்டு வருமானம் போதாமல், அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் இருந்த ஒரு நர்சரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். நூல் கட்டத் தெரிந்த கை என்று ஆர்க்கிட் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

ஆர்க்கிட்டுக்கு மண் வேண்டாம். காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்கிற செடி அது. வேர் காற்றில் தொங்கி ஈரத்தை உறிஞ்சும். அந்த வேர் காய்ந்தோ அழுகியோ போனால், தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்த நீரைக் கொண்டு செடி கொஞ்ச காலம் ஓட்டும். தண்டு சுருங்கும், இலை துவளும். வளர்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். குடிக்க வேர் இல்லாத செடி அந்தத் தண்ணீரிலேயே அழுகிப் போகும். எங்களிடம் வந்த செடிகளில் பாதி இப்படிப் பாசத்தால் கெட்டவைதான்.

நர்சரியின் சொந்தக்காரர் சாரதா மேடம். தாவரவியல் படித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எங்களுக்கு அவரிடம் கிலி. நோயாளிச் செடி ஒன்று வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கத்தியை உடனே எடுக்க மாட்டார். எதிரில் என்னை உட்கார வைத்து, "கஸ்தூரி, என்ன தெரியுதுன்னு சொல்லு" என்பார்.

"செத்துரும் போல இருக்கு மேடம்."

"அது உன் பயம். செடியில என்ன தெரியுது?"

தண்டு சுருங்கியிருக்கிறது, அடிக்கணு கறுத்திருக்கிறது, நுனி இலை மட்டும் விறைப்பாக இருக்கிறது என்று கண்ணால் கண்டதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கத்தி. பிழைக்குமா என்று செடிக்காரர்கள் கேட்டால் மேடம் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும், "பார்க்கலாம்." பிழைக்கும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. செத்துவிடும் என்று சொல்லியும் கேட்டதில்லை.

வேரை விரலால் அழுத்திப் பார்ப்போம். உயிருள்ள வேர் பச்சை மிளகாய் மாதிரி விறைப்பாக இருக்கும். செத்த வேரின் தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். கத்தியை நெருப்பில் காட்டி ஆறவைத்துத்தான் வெட்ட வேண்டும். வெட்டுவாயில் மட்டும் பட்டைத்தூள் தடவுவோம், பிரியாணிக்குப் போடுகிற அதே பட்டைதான். நிழலில் உலர்த்திய பிறகு, மலைப்பாசியை நனைத்து, கையில் பிழிந்தால் சொட்டு விழாத பதத்துக்குக் கொண்டுவந்து, பாலிதீன் பையின் அடியில் பரப்புவோம். செடி பாசிக்கு மேலே, அதைத் தொடாமல் நிற்க வேண்டும். அந்த ஈரக்காற்றே அதற்குச் சாப்பாடு. ஆடாமல் நிற்பதற்காக ஒரு குச்சியோடு சேர்த்துப் பருத்தி நூலால் கட்டுவது என் வேலை. புதுவேரின் நுனி அவ்வளவு மெலிசு, செடி லேசாக ஆடினால் ஒடிந்துவிடும்.

பையின் வாயைக் கட்டி, நிழல்வலைக்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்போம். சேலத்து வெயில் ஒரு கீற்று உள்ளே விழுந்தாலும் செடி வெந்து போகும். தினமும் காலையில் முடிச்சை அவிழ்த்துக் காற்றுப் படவைத்து மூட வேண்டும். திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாசனையை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும். நனைந்த மரப்பட்டை வாசனை என்றால் நல்லது. புளித்த வாசனை வந்தால் முடிந்தது. எனக்கு ஒவ்வொரு காலையும் அந்த முடிச்சை அவிழ்க்கக் கை வராது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவிழ்ப்பேன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இழுப்பேன். மற்ற பெண்களுக்கு நல்ல வேடிக்கை.

இனி மொட்டுக்கு வருகிறேன். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு டீச்சர், வேரில்லாத செடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பைக்குள் இருந்தபடியே அது பூங்காம்பு விட்டது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மேடம்கூட அன்றைக்குச் சிரித்தார். டீச்சர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார், கொட்டகைக்கே இனிப்பு வந்தது. பூ பல நாள் அழகாக நின்றது. கடைசி இதழ் விழுந்த பிறகு முடிச்சை அவிழ்த்துச் செடியைத் தொட்டேன். என் விரலோடு மொத்தச் செடியும் கழன்று வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் சக்கை. தண்டில் மிச்சமிருந்த நீரையெல்லாம் அந்தப் பூவுக்குக் கொடுத்துவிட்டு எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கிறது. நாங்கள் ஒரு பிணத்துக்கு இனிப்பு சாப்பிட்டிருக்கிறோம். அன்று மேடம் ஸ்டூலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "சாகப்போற செடி, விதை வைக்கக் கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணும்னு படிச்சிருக்கேன். படிச்சது அன்னைக்கு ஞாபகம் வரலை" என்றார். அதிலிருந்து எங்கள் கொட்டகையில் ஒரு சட்டம். வேர் இல்லாத செடியில் மொட்டு வந்தால் அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும்.

மல்லிகா வந்தது அதற்குப் பிறகுதான். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் தேங்காய் மட்டையில் கட்டிய ஆர்க்கிட். வாசலிலேயே கோழி எரு வாடை அடித்தது.

"ஏனுங்க, செடிக்கு வைத்தியம் பாக்கற எடம் இதுதானுங்களா?"

ஜேடர்பாளையம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். புருஷன் முருகேசன் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வடக்கே அஸ்ஸாம் வரைக்கும் போனபோது, அங்கே மலைச்சந்தையில் இந்தச் செடியை வாங்கி, லாரி கேபினில் கட்டித் தொங்கவிட்டு ஊர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். போன தடவை போனபோது ரிக்கின் இரும்பு ராடு சரிந்து காலில் விழுந்துவிட்டது. அங்கே முதல் வைத்தியம் பார்த்து, இங்கே சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"அவருகூடவே இருந்துட்டேனுங்க. ஊட்டுக்குப் போய்ப் பாத்தா செடி சுருங்கிக் கெடக்குது. எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. கோழி எருவைக் கரைச்சு ஊத்துனேன். எங்கூர்ல எல்லாத்துக்கும் அதானுங்க."

நாமக்கல் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். தென்னையும் மஞ்சளும் கோழி எருவில் தளதளவென்று வரும். ஆர்க்கிட் வேர் பொசுங்கிப் போகும். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் தெரிந்ததைச் சொன்னேன். வேர் என்று சொல்ல ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுருங்கிய தண்டுகளில் ஒன்றே ஒன்றில் கொஞ்சம் பச்சை இருந்தது.

"பொழைக்குமுங்களா?"

"பார்க்கலாம்" என்றார் மேடம்.

ஆஸ்பத்திரியில் உள்ளே விடாத நேரத்தில் டவுன் பஸ் ஏறி மல்லிகா இங்கே வந்துவிடுவாள். பையைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து செடியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் முகம் வெளுத்துப் போய் வந்தாள். காலில் சதை கறுத்துக்கொண்டே போகிறதாம். முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். முருகேசன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். நினைவு தப்புவதற்கு முன் அவள் கையைப் பிடித்து, "காலை எடுக்க உட்டீன்னா உம்மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். மாமனார், "உம்பட புருசன், நீயே சொல்லு சாமி" என்று ஒதுங்கிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன்.

"போட்டியா?" என்றேன்.

"இல்லீங்க அக்கா. வாக்குக் கேட்டுக்கிட்டு இருக்கறேன்."

அவர்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மன் கோயிலில் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், எது எதுவென்று தெரியாமல் மடித்து வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். காலோடு வீட்டுக்கு வருவாரா என்று இவள் கேட்டிருக்கிறாள். வந்தது சிவப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"அப்பறம் மனசுக்குள்ள இந்தச் செடிகிட்டக் கேட்டேனுங்க. அவரு கொண்டாந்த செடி, அவரு பக்கம் பேசுமில்லீங்களா. இது பூத்துச்சுன்னா காலை எடுக்க உட மாட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்."

பூக்கவே கூடாது என்று அன்றைக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். செடி வளர்க்கும் இடத்தில் வேலை செய்துகொண்டு இப்படி வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிள்ளையார் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை முடிச்சை அவிழ்த்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. பச்சை மிச்சமிருந்த அந்த ஒரே தண்டின் கணுவில் கோதுமை மணி அளவுக்கு ஒரு முனை புடைத்திருந்தது. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்து, "மொட்டு. கிள்ளணும்" என்றார். நான் கத்தியை எடுக்கவில்லை. மல்லிகா சொன்னதை எல்லாம் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நமக்கு மனுஷ வைத்தியம் தெரியாது கஸ்தூரி. ஆஸ்பத்திரி விஷயத்துல நாம வாயைத் திறக்கக் கூடாது. ஆனா செடி அவங்களோடது. அவங்களைக் கேக்காம கிள்ளவும் கூடாது. செடியைப் பத்தி உண்மை எதுவோ அதைச் சொல்லு."

"நானா மேடம்?"

"உன்கிட்டதானே பேசுறாங்க."

என் ஆயுளில் அவ்வளவு பயந்த நாள் வேறு கிடையாது. நான் சொல்லப் போவது செடியைப் பற்றித்தான், ஆனால் அவள் காதில் அது காலைப் பற்றித்தான் விழும். கேட்டு அவள் கையெழுத்துப் போட்டு, ஆபரேஷன் மேஜையிலேயே அந்த மனுஷன் போய்விட்டால்? சொல்லாமல் விட்டு, பூவை நம்பி அவள் வீம்பாக உட்கார்ந்து, அதனால் போய்விட்டால்? மல்லிகா இன்றைக்கு வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

வந்தாள். நான் எழுந்து மறைப்பதற்குள் பார்த்தும் விட்டாள். பையின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். "வாக்குக் கெடச்சுருச்சுங்க அக்கா. மத்தியானத்துக்குள்ள சொல்லோணும்னு டாக்டர் சொல்லீருக்கறாங்க. போய் முடியாதுன்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

கிளம்பியவளின் கையைப் பிடித்தேன்.

"மல்லிகா, உக்காரு. இந்தச் செடி சந்தோஷத்துல பூக்கல. சாகப் போறோம்னு பயத்துல பூக்குது."

அவளுக்குப் புரியவில்லை. டீச்சர் செடியைப் பற்றிச் சொன்னேன். பூ எப்படி நின்றது, எங்கள் கொட்டகைக்கு எப்படி இனிப்பு வந்தது, கடைசியில் என் விரலோடு எப்படிக் கழன்று வந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். "இதுக்கு வேர் இல்ல. இந்தத் தண்டுல இருக்கிற கொஞ்ச நஞ்ச ஈரமும் பூவுக்குப் போயிட்டா செடி மிஞ்சாது. மொட்டைக் கிள்ளினா, பொழச்சாலும் பொழைக்கும். இங்க நாங்க செய்யறது அதுதான். எனக்குத் தெரிஞ்சது செடியைப் பத்தி மட்டும்தான்மா. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"கிள்ளுனா பொழச்சுக்குமுங்களா?"

மேடம் மாதிரி சொல்லத்தான் நினைத்தேன். "தெரியல. கிள்ளலேன்னா சாகும். அது தெரியும்" என்று வந்தது.

வெளியே ஏற்காடு போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பிறகு அவளே பையின் வாயை விரித்தாள். நான் கத்தியை நெருப்பில் காட்டப் போனேன், அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கையைக் கழுவி, கிருமி போக நாங்கள் வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டாள். நான் தண்டைப் பிடித்துக்கொண்டேன். நகத்தால் ஒரே கிள்ளு. மொட்டின் நுனியில் ஊதா நிறம் லேசாகத் தெரிந்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு மல்லிகா வரவில்லை. ஆபரேஷன் நடந்ததா, ஆள் இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அவள் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டால் யார் எடுப்பார்கள், பின்னால் என்ன சத்தம் கேட்கும் என்று நினைத்தாலே விரல் ஓடாது. ஒரு நாள் துணிந்து போட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அதற்குக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். ஆம்புலன்ஸ் அஸ்தம்பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் என் கையில் இருப்பது கீழே விழும்.

செடியும் சுருங்கிக்கொண்டே வந்தது. மேடம் காலையில் காரை விட்டு இறங்கியதும் முதலில் அந்தப் பையிடம்தான் வருவார். மாதங்கள் போயின. ஒரு காலையில் அடிக்கணுவில் ஒரு முனை தெரிந்தது. மறுபடியும் மொட்டோ என்று மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "என்ன தெரியுது?" என்றார். இலைமுளை என்றேன். சில வாரங்களில் அந்த முளையின் அடியில் பச்சையாக ஒரு வேர் நுனி எட்டிப் பார்த்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. யாருக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை.

வேர் விரல் நீளம் ஆனபோது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் மல்லிகா இறங்கினாள். அவள் நெற்றியைத்தான் பார்த்தேன். குங்குமம் இருந்தது. பிறகு இரண்டு கட்டைகள் வெளியே நீண்டன, அவற்றை ஊன்றிக்கொண்டு ஒல்லியாக ஒரு மனிதர் இறங்கினார். வேட்டி ஒரு பக்கம் மடித்துச் செருகியிருந்தது. அவள் பிடிக்கப் போனாள். அவர் அந்தக் கையைப் பார்க்காத மாதிரி தானே நடந்து உள்ளே வந்தார்.

அவர் மேடத்திடம் நின்று பேசும்போது மல்லிகா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "கண்ணு முழிச்சதுல இருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுலீங்க அக்கா. சோறு வெச்சா திங்கறாரு. கூப்பிட்டாத் திரும்பறதில்ல. செடியப் பாக்கோணும்னு அவங்கப்பாகிட்டச் சொல்லித்தான் இன்னிக்கு வந்தோம். எல்லாரும் உசுரு தங்குச்சேங்கறாங்க. எனக்கு ஊட்டுக்குள்ள இருக்கவே பயமா இருக்குதுங்க."

பையை அவர் முன்னால் வைத்தேன். முருகேசன் குனிய முடியாமல் கட்டையில் சாய்ந்து நின்று பார்த்தார். வேரைப் பார்த்தார். பழைய தண்டில் கிள்ளிய வடுவையும் பார்த்தார். அங்கேயே கண் நின்றது.

"இங்க மொட்டு வந்துச்சுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"வந்துச்சு தம்பி."

"அத யாரு எடுத்தது?"

நான் ஏதாவது பொய் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம்.

"நாந்தானுங்க கிள்ளுனேன்" என்றாள் மல்லிகா. "உட்டிருந்தா செடியே போயிருக்கும்."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. வடுவையும் வேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஆட்டோ பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். செடியைக் கொடுத்தனுப்பு என்று மேடம் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் நூலை ஒரு தடவை இறுக்கிப் பார்த்து, பையை அடியில் தாங்கித் தூக்கினேன். அவருக்கு இரண்டு கையும் கட்டையில் இருந்தது. மல்லிகாவிடம் நீட்டினேன். அவள் கை நடுங்கியதில் செடி லேசாக ஆடியது.

முருகேசன் நின்று திரும்பினார்.

"பாத்துப் புடி. வேரு ஒடஞ்சுரப் போகுது."

என்னிடம்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளை. மல்லிகா பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"புடிச்சிருக்கறனுங்க" என்றாள்.